மேட்டில் மட்டும் ஒழுகிய எண்ணெய்

வண்டி 1.6 லிட்டர் டர்போ, நாலு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின், மேனுவல் கியர். இஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கும். எக்ஸாஸ்டும் டர்போவும் பின்பக்கம், இஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுச்சுவரான ஃபயர்வாலை ஒட்டி. அதாவது கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் எட்டாது.

கோளாறு இதுதான். பினாங்கில், ரெலாவிலிருந்து துன் சார்டன் சாலை மேடேறி, பாலிக் பூலாவ் பக்கம் இறங்கி வண்டியை நிறுத்தினால் ஏர்கான் வழியாகக் கருகிய எண்ணெய் வாடை வரும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்வரும்போது அந்த வாடை கிடையாது. ஒரு எண்ணெய் மாற்றத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் முக்கால் லிட்டர் போல குறைகிறது. பின்னால் நீலப்புகை இல்லை. ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றிப் பார்த்தேன், காய்ந்த பழுப்பு நிறத்தில் சுத்தமாக இருந்தன. அப்படியானால் எண்ணெய் உள்ளே எரியவில்லை, வெளியே போகிறது.

முதலில் பார்த்த பட்டறையில் வால்வ் கவர் கேஸ்கெட்டை (இஞ்சின் மேல்மூடியின் ரப்பர் அடைப்பை) மாற்றினார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, அப்புறம் வாடை திரும்பி வந்துவிட்டது. இன்னொரு பட்டறையில் வண்டியை மேலே ஏற்றி, கியர்பாக்ஸ் முன்னால் கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங் அடியில் தொங்கிய சொட்டைக் காட்டினார்கள். ரியர் மெயின் சீல், அதாவது கிராங்க் தண்டின் பின்முனையில் எண்ணெயைத் தடுக்கும் வளையம், போய்விட்டதாம். கியர்பாக்ஸை இறக்க வேண்டும், எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு வெள்ளி (ரிங்கிட்). அதில் சீல் விலை ஒரு சின்னப் பங்குதான், மீதி கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி. அந்தச் சீல்தான் என்பதற்கு ஏதாவது அடையாளம் காட்டுங்கள் என்று கேட்டேன். "ஒழுகுதே, தெரியலையா?" என்பதுதான் பதில்.

வண்டியை எடுத்துக்கொண்டு சுங்கை ஆராவில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போனேன். எங்கள் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் ஸ்பேனரை வெளியே எடுத்தாலே நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்துவிடும். மாமா வீட்டில் சிமெண்டுத் தரையோடு நல்ல போர்ச் இருக்கிறது. மாமா ஆயுசுக்கும் லாரி ஃபோர்மேனாக இருந்தவர். பெட்ரோல் டர்போ அவருக்குப் பிடிக்காது, ஆனால் எண்ணெய் என்பது எல்லா இஞ்சினிலும் ஒரே புத்தியோடுதான் நடந்துகொள்ளும் என்பது அவர் கட்சி.

"சொட்டுற இடத்த பாத்தாங்க, சரி. நிமிந்து மேல பாத்தாங்களா மாப்ளே?" என்றார்.

பழைய ஓட்டு வீட்டில் இருந்தவர்களுக்கு இது தெரியும். ஓடு உடைந்திருப்பது ஒரு மூலையில், தண்ணீர் உத்திரம் வழியாக நடந்துபோய்ச் சொட்டுவது வேறு மூலையில். இஞ்சினில் இன்னும் மோசம். எண்ணெய் கீழே இறங்குவதோடு நிற்காமல், ஓடும்போது அடியில் புகுந்து வரும் காற்று அதைப் பின்னால் தள்ளுகிறது. எங்கே ஒழுகினாலும் கடைசியில் பெல் ஹவுசிங்கின் அடியில் வந்து சேர்ந்துவிடும், ஏனென்றால் அந்தப் பக்கத்தில் அதுதான் தாழ்ந்த இடம். ஆகவே தேட வேண்டியது நனைந்த இடங்களிலேயே மிக உயரமானதும் மிக முன்னால் இருப்பதும்.

அதற்கு முதலில் எல்லாம் காய்ந்திருக்க வேண்டும். அடியிலிருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றினோம். அதன் மேல் பழைய எண்ணெயும் மண்ணும் சேர்ந்து ஒரு விரற்கடை கனத்துக்குக் கிடந்தது. ஆல்டர்னேட்டரையும் மின்இணைப்புகளையும் பிளாஸ்டிக் பையால் கட்டிவிட்டு, முழுக்க ஆறிய இஞ்சினில் டிகிரீசர் அடித்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டோம். மூலைமுடுக்குகளுக்குப் பிரேக் கிளீனர். ஆறிய இஞ்சின் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. குளோரின் கலக்காத பிரேக் கிளீனர் சீக்கிரம் பற்றிக்கொள்ளும். குளோரின் கலந்த வகையோ மிகச் சூடான எக்ஸாஸ்டில் பட்டால் ஃபாஸ்ஜீன் என்கிற விஷவாயு உண்டாகும். டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பிறகு சாயம். எண்ணெயில் கலக்கும் யூவி சாயம் சின்னக் குப்பியில் கிடைக்கும், எத்தனை லிட்டருக்கு எவ்வளவு என்று அதிலேயே போட்டிருக்கும். கலப்பதற்கு முன்பே யூவி டார்ச்சால் இஞ்சினைச் சுற்றி ஒருமுறை பார்த்துவைத்தோம், ஏனென்றால் சில கூலண்டுகளும் பச்சையாக ஒளிரும். எங்கள் ரேடியேட்டர் குழாய் இணைப்பு ஒன்றில் பழைய கூலண்டுக் கறை இருந்தது. முன்கூட்டியே பார்க்காமல் இருந்தால் அதை எண்ணெய் என்று நினைத்து அன்று இரவு முழுக்க அதைத் துரத்தியிருப்போம். டார்ச்சோடு வரும் மஞ்சள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் ஒளி இன்னும் தெளிவாகத் தெரியும். வேலை நடந்தது இருட்டிய பிறகு என்பதால் சுங்கை ஆரா கொசுக்களுக்கு எங்கள் முழங்கால்கள் நன்றாகத் தெரிந்தன.

சாயத்தோடு இஞ்சினை அரைமணி நேரம் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல், ஓடவிட்டோம். ஒன்றுமில்லை. 2500 சுற்றில் பிடித்துப் பார்த்தோம். ஒன்றுமில்லை. துன் டாக்டர் லிம் சொங் யூ விரைவுச்சாலையில் தட்டையாக, நிதானமாக ஒரு சுற்று போய் வந்தோம். அப்போதும் காய்ந்தேதான் இருந்தது. அடுத்து துன் சார்டன் மேடு. காலை நேரத்தில் அந்தச் சாலை சைக்கிள்காரர்களுடையது, அவர்கள் பின்னால் முழுசாக முடுக்க வழியில்லை. அதனால் நான் விடுப்பில் இருந்த ஒரு வாரநாளின் மத்தியானம் போனோம். மூன்றாவது கியரில் நன்றாக அழுத்தி ஏறி, பாலிக் பூலாவில் இறங்கி, இஞ்சின் ஆறும்வரை லக்சா சாப்பிட்டுவிட்டு, திரும்பி அதே மேட்டை ஏறி வந்தோம். இரவு டார்ச் அடித்தால் பச்சை மஞ்சளாக ஒரு கோடு. வால்வ் கவரின் பின்மூலை, கியர்பாக்ஸ் பக்கம், அங்கேயிருந்து கிளம்பி ஹெட்டின் முதுகு வழியாக டர்போவின் வெப்பத் தடுப்புத் தகட்டில் இறங்கி, அப்படியே பெல் ஹவுசிங்வரை. அதோடு தனியாக இன்னொரு இடமும் ஒளிர்ந்தது. டர்போவிலிருந்து எண்ணெய் கீழே திரும்பும் குழாயின் மேல் ஃபிளாஞ்ச் (இணைப்பு விளிம்பு).

ரியர் மெயின் சீல் விஷயத்தையும் அன்றே தீர்த்துவிட்டோம். பெல் ஹவுசிங் அடியில் ஒரு ரப்பர் அடைப்பான் இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு, கம்பி நுனியில் வெள்ளைத் துணியைச் சுற்றி உள்ளே விட்டு, சீலுக்குக் கீழே இருக்கும் சுவரைத் துடைத்து எடுத்து டார்ச் அடித்தோம். கிளட்ச் தூசிதான் வந்தது, ஒளி இல்லை. ஆயிரத்து இருநூறு வெள்ளிச் செலவுக்கு ஒரு துண்டுத் துணி பதில் சொல்லிவிட்டது.

பலர் இந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். மூலை தெரிந்துவிட்டது, கேஸ்கெட்டை மறுபடி மாற்று, ஃபிளாஞ்சில் சிலிகோனைப் பூசு, முடிந்தது. ஆனால் அந்தக் கேஸ்கெட் புதுசு. புது ரப்பர் ஐடிலில் ஒரு சொட்டுக்கூட விடாமல் மேட்டில் மட்டும் ஏன் விடுகிறது? அதுவும் ஒரே நேரத்தில் இரண்டு வெவ்வேறு இடங்களில்? உள்ளேயிருந்து எதுவோ தள்ளுகிறது.

டர்போ இஞ்சினில் கிராங்க்கேஸ், அதாவது கிராங்க் தண்டு சுழலும் அடிக்கூடு, மூச்சுவிடும் விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எரிந்த வாயு கொஞ்சம் எப்போதும் கீழே கசியும், நல்ல இஞ்சினிலும்தான். அதற்கு ப்ளோ-பை என்று பெயர். அது வெளியேற இரண்டு வழிகள். ஐடிலிலும் மெதுவாகப் போகும்போதும் சிலிண்டர்களுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் இருக்கும், அது பிசிவி என்கிற ஒருவழி வால்வு வழியாக வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். டர்போ அழுத்தம் ஏறியதும் மேனிஃபோல்டில் வெற்றிடம் போய் அழுத்தம் வந்துவிடுகிறது. அப்போது பிசிவி வால்வு மூடிக்கொள்ள வேண்டும். வாயு இரண்டாவது வழியில், அதாவது வால்வ் கவரிலிருந்து டர்போவுக்கு முன்னால் இருக்கும் காற்றுக் குழாய்க்குப் போகும் பிரீதர் ஹோஸ் வழியாகப் போக வேண்டும். டர்போ அங்கே காற்றை இழுத்துக்கொண்டிருப்பதால் லேசான உறிஞ்சல் இருக்கும். பிசிவி வால்வு மூடாவிட்டால் டர்போ தள்ளும் காற்று நேராகக் கிராங்க்கேஸுக்குள் போகும். பிரீதர் அடைத்திருந்தால் போகிற வாயுவுக்கு வழியில்லை. இரண்டில் எது நடந்தாலும் உள்ளே அழுத்தம் ஏறும், ஏறினால் பலவீனமான மூலை எதுவோ அதன் வழியாக எண்ணெயைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும். டர்போவுக்கும் இதில் கெடுதல் உண்டு. அதன் தண்டு நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுவது. அதன் இரு முனைகளிலும் இருப்பவை ரப்பர் சீல்கள் இல்லை, பிஸ்டன் வளையம் போன்ற மெல்லிய உலோக வளையங்கள். எண்ணெய் புவியீர்ப்பில் தானாகக் கீழே இறங்கினால்தான் அவை தாக்குப்பிடிக்கும். கீழே கிராங்க்கேஸில் அழுத்தம் இருந்தால் எண்ணெய் இறங்காமல் டர்போவுக்குள்ளேயே தேங்கும்.

ஊகம் சரிதான், அளந்து பார்க்க வேண்டுமே. பட்டறைகளில் எண்ணெய் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்து "நல்லா உறிஞ்சுது, இஞ்சின் நல்லாருக்கு" என்பார்கள். அது ஐடிலில். எங்கள் நோய் மேட்டில் அல்லவா வருகிறது. மேட்டில் போகும்போது யார் போய் மூடியில் கை வைப்பது?

அதனால் அழுத்தம் அளக்க ஒரு மானோமீட்டர் செய்தோம். பெயர்தான் பெரிது, சாமான் எல்லாம் சில்லறை. மீன் தொட்டிக் கடையில் 6 மி.மீ. ஒளிபுகும் குழாய் மூன்று மீட்டர், ஒரு பலகை, பள்ளிக்கூட அளவுகோல் இரண்டு, கொஞ்சம் தண்ணீர், அதில் சிவப்புச் சாயம் சில துளி. குழாயைப் பலகையில் யூ வடிவத்தில் கட்டி, கைகள் இரண்டும் 60 செ.மீ. உயரம் இருக்கும்படி செய்து, பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் கருவி தயார். ஒரு முனை திறந்திருக்கும், மறுமுனை இஞ்சினுக்கு. இரண்டு கைகளிலும் நீர்மட்ட வேறுபாடு 100 மி.மீ. என்றால் அது ஏறக்குறைய 1 கிலோபாஸ்கல். எங்கள் டர்போ கொடுப்பது 70 கிலோபாஸ்கல் பக்கம். அதைத் தண்ணீரில் அளந்தால் ஏழு மீட்டர் உயரம் வரும். அதில் துளி கசிந்தாலும் இந்தப் பலகையில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

இஞ்சின் பக்க இணைப்புக்கு, பழைய கார்ப் பாகங்கள் விற்கும் ஹாஃப்-கட் கடையில் பழைய எண்ணெய் மூடி ஒன்றை ஐந்து வெள்ளிக்கு வாங்கி, நடுவில் துளைபோட்டு, பித்தளை முனை ஒன்றை எபாக்ஸியால் ஒட்டினோம். எண்ணெய் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக் குழாயில் மாட்டலாமே என்று மச்சான் கேட்டான். மச்சான் என்றால் மாமா மகன், பாலிடெக்னிக்கில் படிக்கிறான். சில இஞ்சின்களில் அந்தக் குழாயின் அடி எண்ணெய்க்குள் முங்கியிருக்கும், அளவு பொய் சொல்லும். மூடிதான் நம்பத் தகுந்த இடம். குழாய்க்கு நடுவில் ஒரு சின்ன போத்தலும் வைத்தோம். உறிஞ்சல் அதிகமாகித் தண்ணீர் இஞ்சின் பக்கம் ஓடினால் அந்தப் போத்தலில் தங்கிவிடும். குழாயை பானட்டின் பின்மூலை இடுக்கு வழியாக, நசுங்காமல், பயணி சன்னலுக்குக் கொண்டுவந்தோம். பானட் முழுசாகப் பூட்டியிருக்க வேண்டும், இது விளையாட்டில்லை.

போர்ச்சிலேயே முதல் ஆச்சரியம். நல்ல இஞ்சின் ஐடிலில் சில பத்து மி.மீ. உறிஞ்சலாவது காட்டும். இது 250 மி.மீ. காட்டியது. மச்சானுக்குச் சந்தோஷம். மாமா முகம் சுருங்கியது. "இவ்ளோ இழுக்கக் கூடாதுடா. உள்ள காத்து வர்ற வழி எங்கயோ அடைச்சிருக்கு." யோசித்தால் அது நியாயம். ஐடிலில் பிரீதர் ஹோஸ் வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும், பிசிவி வழியாக வெளியே போகும். உள்ளே வரும் வழி அடைத்து, வெளியே போகும் வழி அகலத் திறந்திருந்தால் கிராங்க்கேஸ் இப்படித்தான் உறிஞ்சும். ஐடிலில் ஏன் ஒரு சொட்டும் ஒழுகவில்லை என்பதற்கும் விடை கிடைத்தது. அந்த உறிஞ்சல் எண்ணெயை உள்ளே பிடித்து வைத்திருந்தது. பட்டறையில் உள்ளங்கை வைத்துப் பார்ப்பவர் "நல்லா உறிஞ்சுது" என்று பாராட்டியிருப்பது இந்தக் கோளாறைத்தான்.

மேட்டில் நான் ஓட்ட, மச்சான் பலகையை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு படித்தான். தட்டையில் உறிஞ்சல். மேடு தொடங்கி மூன்றாவது கியரில் அழுத்தியதும் நீர்மட்டம் சமமாகி, மறுபக்கம் ஏற ஆரம்பித்தது. "நூறு மச்சான்... இருநூறு... முன்னூத்தி அம்ப... மச்சான் விடு விடு!" என்றான். அதற்குள் சிவப்புத் தண்ணீர் திறந்த முனை வழியாகப் பீறிட்டு அவன் சட்டையில் இறங்கிவிட்டது. 600 மி.மீ.க்கு மேல், அதாவது 6 கிலோபாஸ்கலுக்கு மேல். கிராங்க்கேஸ் கேஸ்கெட்டுகளுக்கு அது மிக அதிகம். புது கேஸ்கெட் இத்தனை நாள் தாங்கியதே பெரிது.

பிசிவி வால்வு கவரின் மேல் ஒரு ரப்பர் வளையத்தில் சொருகியிருந்தது. எடுத்து ஆட்டினேன், உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும், வரவில்லை. மேனிஃபோல்டு பக்கத்திலிருந்து ஊதினால் காற்று நிற்க வேண்டும், தாராளமாகப் போனது. உள்ளே இருக்கும் ஊசி கறுப்புப் பசையில் ஒட்டி, பாதி வழியில் அசையாமல் நின்றுவிட்டது. ரப்பர் வளையம் கல்லாகியிருந்தது. இரண்டும் சேர்த்து ஜெலுத்தோங்கில் உள்ள உதிரிப்பொருள் கடையில் ஐம்பத்தைந்து வெள்ளி.

புது வால்வை மட்டும் போட்டுவிட்டு, வேறு எதையும் தொடாமல், பலகையோடு மறுபடி மேட்டுக்குப் போனோம். மாமாவுக்குப் பொறுமையில்லை, ஹோஸையும் இப்போதே மாற்று என்றார். ஆனால் எது எவ்வளவு பங்கு என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. மேட்டில் இப்போது 180 மி.மீ. அழுத்தம், ஐடிலில் 150 போல உறிஞ்சல். பெரும்பங்கு வால்வுதான், மீதி ஹோஸ்.

பிரீதர் ஹோஸை வெளியிலிருந்து பார்த்தால் குறையே தெரியாது. கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் தெரியவில்லை. எண்ணெய் ஆவியில் ஊறி உள்தோல் பிரிந்து உப்பி மடிந்துகிடந்தது, மிச்ச இடைவெளியைப் பசை அடைத்திருந்தது. இந்தப் பசை எங்கள் ஊர் ஓட்டத்தின் பலன். காலையில் பாயான் லெப்பாஸ் நெரிசலில் ஊர்ந்து, இஞ்சின் சரியாகச் சூடேறுமுன் தொழிற்சாலையில் நிறுத்தி, மாலையில் அதையே செய்வது. எரிந்த வாயுவோடு வரும் நீராவி வெளியேறாமல் எண்ணெயோடு கலந்து முதலில் வெளிறிய களிம்பாகி, பிறகு கறுத்துவிடும். சாதாரண தண்ணீர் ஹோஸை அளவுக்கு வெட்டிப் போடுகிறவர்களும் உண்டு. வேண்டாம், எண்ணெய் ஆவிக்குத் தாங்குகிற ரப்பரில் அந்த வடிவத்திலேயே வார்த்த ஹோஸ்தான் மடங்காமல் இருக்கும். எழுபது வெள்ளி போல ஆனது. அதை மாட்டியபின் ஐடிலில் 30 மி.மீ. உறிஞ்சல், மேட்டில் முழு அழுத்தத்திலும் 20 மி.மீ. உறிஞ்சல். மச்சான் அந்தமுறை மழைக்கோட்டு போட்டு வந்திருந்தான், தேவைப்படவில்லை.

அழுத்தம் அடங்கினாலும் ஏற்கெனவே பிதுங்கிய ரப்பர் திரும்ப உட்காராது. வால்வ் கவரைத் திறந்தோம். பின்மூலையில் கேஸ்கெட் தன் காடியிலிருந்து வெளிப்பக்கமாக நழுவியிருந்தது. கவரைக் கவிழ்த்து நேர்க்கோல் வைத்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜால் பார்த்தோம், வளைவு இல்லை. ஹெட்டின் முகத்தை பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தம் செய்தோம். அலுமினியத்தில் இரும்புச் சுரண்டி வைத்தால் விழும் கீறலே அடுத்த ஒழுகலுக்கு வழி. கேம்ஷாஃப்ட் மூடியும் ஹெட்டும் சேரும் படிக்கட்டான மூலைகளில் மட்டும் அரிசி அளவு ஆர்டிவி சிலிகோன், மற்ற இடங்களில் காய்ந்த ரப்பர். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, இரண்டு சுற்றாக, 10 நியூட்டன் மீட்டர். அந்த போல்ட்டுகளுக்குத் தோள் இருக்கிறது. தோள் உட்கார்ந்தபிறகு எவ்வளவு முறுக்கினாலும் கேஸ்கெட் கூடுதலாக அழுந்தாது, போல்ட்தான் அறுந்து வரும்.

மிச்சம் டர்போ எண்ணெய் திரும்பும் குழாய். வேலையிலேயே சிரமமானது இது. வண்டியை ஜேக் ஸ்டாண்டில் ஏற்றி, முந்தின இரவே நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் விட்டுவைத்திருந்தோம். டர்போவின் சூட்டில் வெந்த நட்டு ஒரேயடியாகத் திரும்பாது. கால் சுற்று கழற்றி, திரும்ப முறுக்கி, மறுபடி எண்ணெய் விட்டு, மறுபடி கால் சுற்று. மாமா மல்லாந்து படுத்துக்கொண்டு இதைச் செய்த பொறுமைக்கு நான் தே தாரிக் வாங்கிக்கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

ஃபிளாஞ்ச் பிரிந்ததும் தெரிந்த காட்சி அவரைக் கொதிக்க வைத்துவிட்டது. அங்கே உலோக கேஸ்கெட் இருக்க வேண்டும். இல்லை. வண்டி என் கைக்கு வருமுன் யாரோ சிவப்பு சிலிகோனைத் தாராளமாகப் பூசி மூடியிருக்கிறார்கள். இறுக்கும்போது பிதுங்கியதில் பாதி வெளியே, பாதி குழாயின் உள்ளே. உள்ளே பிதுங்கியது கெட்டியாகி, வழியைப் பாதியாகக் குறைத்திருந்தது.

"ஓட்டைய அடைக்க வந்தவன் வழிய அடைச்சிட்டுப் போயிருக்கான்!"

டர்போவுக்கு எண்ணெய் போகும் குழாய் மெல்லியது, திரும்பி வரும் குழாய் தடித்தது. போவது அழுத்தத்தோடு போகிறது. வருவது நுரைத்துக்கொண்டு, தன் எடையில் மட்டும் இறங்குகிறது. அதனால் இங்கே சிலிகோன் கூடவே கூடாது. துண்டு உடைந்து கீழே சம்ப்பில் (எண்ணெய்த் தொட்டியில்) விழுந்தால் எண்ணெய் பம்ப்பின் வடிகட்டியைப் போய் அடைக்கும், அது வேறு கதை. குழாயை முழுக்கச் சுரண்டி, மண்ணெண்ணெயில் அலசி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, பன்னிரண்டு வெள்ளி உலோக கேஸ்கெட்டோடு மாட்டினோம். மேலே எண்ணெய் வரும், நடுவில் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டையும் கழற்ற வேண்டி வந்ததால் அதன் செம்பு வாஷர்கள் இரண்டும் புதுசு. பழசையே போட வேண்டிய நிலை வந்தால் மங்கலாகச் சிவக்கும்வரை சுட்டு ஆறவிட்டால் செம்பு மறுபடி மிருதுவாகும் என்று மாமா சொன்னார். உண்மைதான், ஆனால் புது வாஷர் இரண்டு வெள்ளிக்குக் கிடைக்கிறபோது அடுப்பைப் பற்றவைப்பானேன்.

கைக்கு எட்டிய நேரத்தில் டர்போவையும் பார்த்துக்கொண்டோம். காற்றுக் குழாயைக் கழற்றி, தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் லேசாக ஆடியது, அது இருக்க வேண்டியதுதான். முன்னும் பின்னும் இழுத்தால் அசைவு தெரியவில்லை, சக்கரம் சுவரில் உரசவில்லை. இன்டர்கூலர் குழாயில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தது. பிரீதர் ஆவி அந்த வழியாகத்தான் போகிறது என்பதால் அதைப் பார்த்துப் பயந்து டர்போவை மாற்றத் தேவையில்லை. குளமாகத் தேங்கியிருந்தால்தான் கவலை.

புது 5டபிள்யூ-40 எண்ணெயும் ஃபில்டரும் போட்டபின் சாவியைத் திருப்பி நேராக ஸ்டார்ட் செய்யவில்லை. எரிபொருள் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, சில விநாடி சில விநாடியாக விட்டுவிட்டுச் சுற்றவிட்டோம். எண்ணெய் விளக்கு அணைந்தபிறகுதான் ஃபியூஸ். காலியான குழாயோடு டர்போவைச் சுழலவிடுவது அதன் பேரிங்கைத் தேய்ப்பதற்குச் சமம்.

சாயம் கலந்த பழைய எண்ணெயைக் குப்பியில் அடைத்து, உரிமம் பெற்ற சேகரிப்பாளர் வந்து எடுத்துப்போகும் பட்டறை ஒன்றில் கொடுத்தேன். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறையில் பழைய இஞ்சின் எண்ணெய்க்கு எஸ்டபிள்யூ 305 என்று தனி எண்ணே உண்டு. மாமா காலத்தில் அதைக் கரையானுக்கு மருந்தென்று வேலிக் கம்புகளில் பூசுவார்களாம். இப்போது அவரே அப்படிச் செய்ய விடமாட்டார், பின்னால் கிணறு இருக்கிறது.

புது எண்ணெயிலும் கொஞ்சம் சாயம் விட்டு மேட்டுக்குப் போனால் வாடை இன்னும் வந்தது. மச்சான் முகம் தொங்கிப்போனது. டார்ச்சில் கவரின் மூலையும் ஃபிளாஞ்சும் சுத்தம். வெப்பத் தடுப்புத் தகட்டின் உட்புறத்தில் ஊறியிருந்த பழைய எண்ணெய்தான் எரிந்துகொண்டிருந்தது. சில வாரங்களில் தானாகக் குறைந்து போய்விட்டது. டிப்ஸ்டிக்கின் சின்ன ஓ-ரிங் ஒன்று கடினமாகி லேசாக ஈரம் காட்டியது, மாற்றியாயிற்று.

கடைசி எண்ணெய் மாற்றம்வரை டிப்ஸ்டிக்கில் மட்டம் கண்ணுக்குத் தெரிய இறங்கவில்லை. பெல் ஹவுசிங் அடி காய்ந்திருக்கிறது. முன்பக்க கிராங்க் சீலைச் சுற்றி மட்டும் ஒரு மெல்லிய பச்சை வளையம் தெரிகிறது, சொட்டாகச் சேரவில்லை. அதற்காக இப்போது டைமிங் பெல்ட்டைக் கழற்றுவது வீண். பெல்ட் மாற்றும் கெடு அடுத்த வருஷம் வருகிறது, அப்போது அந்தச் சீலையும் சேர்த்து மாற்றிக்கொள்ளலாம் என்று பொருள் கடையில் சொல்லிவைத்திருக்கிறேன். பிசிவி வால்வை இனி இரண்டு எண்ணெய் மாற்றத்துக்கு ஒருமுறை கழற்றி ஆட்டிப் பார்ப்பதாக இருக்கிறேன்.